பழைய கால்மிஷினில் நூல் சிக்குகிறது, அறுகிறது: டைமிங்கில் கைவைப்பதற்கு முன்

கேள்வியின் சாரம் இது. அம்மா பயன்படுத்திய கருப்பு நிறக் கால்மிஷின் பல வருடம் மூடியே கிடந்திருக்கிறது. இப்போது தைக்க உட்கார்ந்தால் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு நிற்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினால் சிறிது தூரத்தில் மேல்நூல் அறுந்துவிடுகிறது. சிக்கல் அடியில்தானே தெரிகிறது என்று அடிநூல் பாபினை வைக்கும் உறையான பாபின் கேஸின் திருகை இறுக்கிப் பார்த்தும் பயனில்லை. பார்க்க வந்த மெக்கானிக், டைமிங் (ஊசியும் கீழே உள்ள கொக்கியும் சந்திக்கும் நேரப் பொருத்தம்) போய்விட்டது, ஷட்டிலையே (அந்தக் கொக்கி உள்ள பாகத்தையே) மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் சொல்லும் அறிகுறியே டைமிங் கெடவில்லை என்பதற்குச் சாட்சி. ஊசி கீழே போய் மேலே ஏறத் தொடங்கும் நொடியில், ஊசிக் காதுக்குச் சற்று மேலே நூல் ஒரு சிறு வளையமாகப் புடைத்து நிற்கும். ஷட்டிலின் கொக்கி முனை அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டுவிடும். அதன்பின் மேலே ஏறி இறங்கும் கையான டேக்-அப் லீவர் அந்த மிச்ச நூலைச் சுண்டி இழுத்து முடிச்சைத் துணிக்குள் இறுக்கும். டைமிங் கெட்டிருந்தால் கொக்கி வளையத்தைத் தவறவிடும்; தையலே விழாது, அல்லது இடையிடையே தாவும். உங்கள் மிஷினில் அடியில் கொத்தாக நூல் சேருகிறது என்றால், கொக்கி மேல்நூலை ஒழுங்காகப் பிடித்துக் கீழே கொண்டுவருகிறது, ஆனால் கொண்டுவந்த நூலை மேலே திரும்ப இழுக்க ஆள் இல்லை என்று பொருள். ஆகவே அடியில் கிடக்கும் அந்தக் கொத்து முழுக்க மேல்நூல். குற்றமும் மேலேதான் இருக்கிறது. இரண்டு நிறத்தில் நூல் போட்டுத் தைத்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

நம் வீடுகளில் உள்ள கருப்பு மிஷின்களில் பெரும்பாலானவை, எந்தப் பெயர் பொறித்திருந்தாலும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான சிங்கர் 15 என்ற மாதிரியின் வழிவந்தவை. ஜப்பானியர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏராளமாகச் செய்து உலகமெங்கும் அனுப்பியதும் அதே அமைப்புதான். கல்கத்தாவின் ஜெய் எஞ்சினியரிங் ஒர்க்ஸ் தயாரித்து வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த உஷா மிஷின்களில் பலவும் அந்த வகைதான். அதனால் கீழே சொல்வது உங்கள் மிஷினுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன். இடது ஓரத்தில் ஒரு சறுக்குத் தகடு, அதைத் திறந்தால் செங்குத்தாக உட்காரும் பாபின் கேஸ், அதன் பின்னால் பிறை வடிவில் ஒரு ஷட்டில் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். இவ்வகை மிஷினில் மேல் தண்டும் கீழ்த் தண்டும் இரும்புக் கம்பிகளால் பிணைக்கப்பட்டவை. ரப்பர் பெல்ட் போலத் தேய்ந்து வழுக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. யாராவது திருகைத் தளர்த்தியிருந்தாலோ, ஊசி கெட்டியான எதிலாவது மோதி ஊசித் தண்டு மேலேறியிருந்தாலோ ஒழிய, மூடிக் கிடந்த மிஷினின் டைமிங் தானாக மாறுவது அபூர்வம்.

முதல் வேலையாக, கோத்திருக்கும் மேல்நூலை முழுவதுமாக உருவி எடுத்துவிட்டு, அழுத்தும் பாதத்தைத் தூக்கிய நிலையில் மறுபடி கோர்க்க வேண்டும். பாதம் தூக்கியிருக்கும்போது, மேல்நூலை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் விலகி நிற்கும். நூல் அவற்றின் நடுவே ஆழமாகப் போய் உட்காரும். பாதத்தை இறக்கிவிட்டுக் கோர்த்தால் தட்டுகள் இறுக மூடியிருப்பதால் நூல் விளிம்பிலேயே தங்கிவிடும், பிறகு திருகை எவ்வளவு இறுக்கினாலும் நூலுக்குப் பிடிப்பே கிடைக்காது. தைக்கத் தெரிந்தவர்களே கவனிக்கத் தவறும் இடம் இது. தட்டுகளைத் தாண்டியதும் ஒரு மெல்லிய கம்பிச் சுருள் நூலைத் தாங்கிப் பிடிக்கும். செக் ஸ்பிரிங் என்பார்கள். நூல் அதன் வளைவுக்குள் போயிருக்க வேண்டும், கம்பி முறிந்திருக்கக் கூடாது. அங்கிருந்து நூல் டேக்-அப் லீவரின் துளை வழியாகவே போக வேண்டும். லீவரை விட்டுவிட்டு நேரே ஊசிக்குக் கொண்டுபோனால் இரண்டே தையலில் அடியில் கூடு கட்டிவிடும்.

கோர்த்து முடித்ததும், ஊசியில் நுழைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பாதம் தூக்கியிருக்கும்போது நூலை இழுத்தால் தடையின்றி வர வேண்டும். பாதத்தை இறக்கிவிட்டு இழுத்தால் நன்றாகப் பிடித்து இழுபட வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி தளர்வாக வந்தால் தட்டுகள் மூடவில்லை. இரண்டிலும் இறுக்கமாக இருந்தால் திறக்கவில்லை. வருடக் கணக்கில் கிடந்த மிஷினில் முதலாவதுதான் வழக்கம். காரணம் பெரும்பாலும் தட்டுகளுக்கு இடையே அடைத்துக்கொண்ட பழைய பஞ்சுதான், அல்லது நடுவில் உள்ள ஊசி போன்ற சிறு கம்பி துரு ஏறி உள்ளேயே மாட்டிக்கொண்டு தட்டுகளை விலக்கியே வைத்திருக்கும். கெட்டியான நூல் ஒன்றையோ மெல்லிய துணிப் பட்டையையோ தட்டுகளின் நடுவே விட்டு இருபுறமும் இழுத்துத் துடைத்தால் பெரும்பாலும் போதும். கருப்பாக வழுவழுவென்று ஒரு அழுக்கு வரும். அப்படியும் தீராவிட்டால் முன்பக்கத் திருகைக் கழற்றிப் பிரிக்கலாம். கழற்றும் வரிசையை ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுகளின் புடைத்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது மறந்துபோகக் கூடிய விவரம். தட்டின் உட்புறத்தில் துரு அரித்துச் சொரசொரப்பாகி இருந்தால் அதைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிடப் புதிய டென்ஷன் செட் வாங்கிவிடுவது நல்லது.

அடுத்தது ஊசி. புதிய ஊசி போட்டுவிட்டேன் என்று பலரும் சொல்வார்கள், ஆனால் எந்த ஊசியை எந்தப் பக்கமாகப் போட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டு மிஷினுக்கு வேண்டியது எச்ஏ×1 என்ற வகை. அதன் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கடையில் கேட்காமல் வாங்கினால் கம்பெனி மிஷின்களுக்கான உருண்டைத் தண்டு ஊசியைக் கொடுத்துவிடுவதும் உண்டு; அது நீளத்திலும் வேறு, தண்டின் அமைப்பிலும் வேறு. ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் ஒன்று ஓடும், நூல் கீழே இறங்கும்போது அதில் படிந்து வரும். எதிர்ப்பக்கம் தட்டையான பக்கம். அந்தப் பக்கமாகத்தான் கொக்கி கடந்துபோகும். சிங்கர் 15 வகையில் தட்டைப் பக்கம் வலதுபுறம் பார்க்க வேண்டும், நூலை இடமிருந்து வலமாக நுழைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், ஊசி இறங்கும் துளையுள்ள ஊசித் தட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பாருங்கள். கொக்கி முனை ஊசியின் எந்தப் பக்கத்தில் உரசாமல் கடக்கிறதோ அதுதான் தட்டைப் பக்கம் இருக்க வேண்டிய திசை. தலைகீழாகப் போட்ட ஊசியில் தையலே விழாது, அல்லது தாவித் தாவி விழுந்து நூலை நறுக்கிப் போடும். ஊசி மேலே முட்டும் வரை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அரை மில்லிமீட்டர் இறங்கி நின்றாலே வளையம் உருவாகும் இடம் மாறிவிடும்.

வளைந்த ஊசியைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், ஊசிக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள இடைவெளி நுனி வரை ஒரே சீராகத் தெரிய வேண்டும். நுனி இறங்கியோ ஏறியோ தெரிந்தால் அந்த ஊசியைத் தூக்கிப் போடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, சாதாரணப் பருத்தித் துணிக்கு 14, வாயில் போன்ற மெல்லிய துணிக்கு 11, கெட்டியான துணிக்கு 16 அல்லது 18 என்று வைத்துக்கொள்ளலாம். நூலுக்கும் ஊசிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு முழ நூலைத் தனியாக எடுத்து ஊசியில் கோர்த்து, நூலின் இரு நுனிகளையும் இரண்டு கைகளில் பிடித்துச் சரிவாகச் சாயுங்கள். ஊசி தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கினால் பொருத்தம் சரி. நடுவழியில் நின்று நின்று இறங்கினால் ஊசிக் காது சிறியது, அல்லது காதின் உள்விளிம்பில் பிசிறு இருக்கிறது. ஒரு தையலுக்குள் போய்ச் சேருவதற்கு முன் நூலின் ஒவ்வொரு பகுதியும் அந்தக் காதின் வழியே பலமுறை மேலும் கீழும் போய்வருகிறது. அந்த உராய்வில் பிசிறு பட்டால் நூல் ஒரேயடியாக அறுவதில்லை. முதலில் ஒரு புரி மட்டும் பிரிந்து, ஊசிக்கு மேலே குஞ்சம் போலச் சேர்ந்து, பிறகு அறும். ஆகவே அறுந்த நுனியைத் தூக்கி எறியாமல் பாருங்கள். சுத்தமாக வெட்டியது போல இருந்தால் இறுக்கமோ கூரான விளிம்போ காரணம். பிய்ந்து பஞ்சாகத் தெரிந்தால் உராய்வு காரணம். உராய்வு ஊசியில் இல்லையென்றால் ஊசித் தட்டின் துளையில் இருக்கும். ஊசி பலமுறை குத்தி உடைந்த மிஷின்களில் அந்தத் துளையின் விளிம்பு சிறுசிறு பல் போலாகியிருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். மிக மெல்லிய எமரித் தாளைச் சுருட்டி அந்தத் துளைக்குள் விட்டு மெதுவாகத் தேய்த்துவிட்டால் போதும். ஷட்டிலின் கொக்கி முனையில் பிசிறு இருந்தாலும் இதே வைத்தியம்தான், ஆனால் முனையை மழுக்கிவிடாமல் பக்கவாட்டில் மட்டும் தொட வேண்டும்.

நூலே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. மிஷின் டிராயரில் அம்மா வைத்திருந்த பழைய கண்டுகளைப் பார்த்தால் வீணாக்க மனம் வராது. ஆனால் பருத்தி நூல் வருடங்கள் போனால் மக்கிவிடும். இரண்டு கையிலும் பிடித்துச் சுண்டிப் பாருங்கள். சட்டென்று பொடிந்தது போல அறுந்தால் அதைப் பொத்தான் தைக்கக்கூடப் பயன்படுத்த வேண்டாம். புதிய நூலிலும், பெரிய கூம்புக் கண்டை மிஷின் தலையில் உள்ள சிறிய கம்பியில் செருகினால் நூல் சீராக வராது. கூம்பை மிஷினுக்குப் பின்னால் ஒரு டம்ளரில் நிறுத்தி, நூல் நேர்மேலே எழும்படி செய்து, பிறகு முதல் வளையத்துக்குக் கொண்டுவாருங்கள். சிறிய பிளாஸ்டிக் கண்டுகளின் விளிம்பில் நூலைச் செருகி வைக்க ஒரு வெட்டு இருக்கும். அது மேல்பக்கமாக இருந்தால் ஓடும் நூலை அவ்வப்போது பிடித்துக்கொள்ளும், திருப்பிப் போட்டால் தீர்ந்தது. கண்டு துள்ளும்போது நூல் கீழே வழிந்து கம்பியில் சுற்றிக்கொள்வதைத் தடுக்க, கண்டுக்கு அடியில் வட்டமாக வெட்டிய கம்பளித் துணி ஒன்றைப் போடுங்கள்.

இதற்குப் பிறகுதான் கீழே வர வேண்டும். பாபினைக் கையால் சுற்றியிருந்தால் அதை அவிழ்த்துவிட்டு மிஷினிலேயே சுற்றுங்கள். பாபின் சுற்றும் அமைப்பில் ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கும். அது வருடங்களில் கல்லாக இறுகிப்போகும், சுற்றும்போது வழுக்கும், பாபினில் நூல் தளர்வாகவும் மேடுபள்ளமாகவும் ஏறும். வளையம் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். விளிம்பில் துரு ஏறிய பாபினும், நசுங்கிய பாபினும் வேண்டாம். பாபினைக் கேஸில் போட்டு நூலை வெட்டு வழியாகப் பட்டைக்கு அடியில் இழுக்கும்போது, நூல் அந்த வெட்டில் மடங்கித் திசை திரும்ப வேண்டும். மடங்காமல் போகிற திசையிலேயே வழுக்கிக்கொண்டு போனால் பாபினைப் புரட்டிப் போட வேண்டும்.

நீங்கள் இறுக்கிய அந்தச் சிறு திருகை இப்போது பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் பட்டைக்கு அடியில் தடித்த தாளின் ஓரத்தை விட்டு இழுத்துப் பாருங்கள். நூல் பிசிறின் ஒரு சிறு துணுக்கு அங்கே மாட்டியிருந்தால் பட்டை தூக்கிக்கொள்ளும், திருகு என்ன சொன்னாலும் கேட்காது. பிறகு, நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தன் எடையில் சரசரவென்று இறங்கக் கூடாது. கையை லேசாகச் சுண்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி வரும்வரை திருகைக் கடிகாரத்தின் நிமிட முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவுக்கு மட்டும் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் இந்த வேலையைச் செய்யுங்கள். அந்தத் திருகு தரையில் விழுந்தால் கிடைக்காது. கேஸை மிஷினில் பொருத்தும்போது அதன் கொம்பு மேலே உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து "டக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். சத்தம் கேட்காமல் தைத்தால் கேஸ் சுழன்று ஊசியை முறிக்கும்.

ஷட்டில் இருக்கும் இடத்தைச் சுத்தம் செய்யாமல் எந்தச் சோதனையும் முழுமையாகாது. ஊசியை உச்சிக்குக் கொண்டுவந்து, பாபின் கேஸை எடுத்துவிட்டு, இரு பக்கமும் உள்ள தாழ்களைத் திருப்பினால் வளையம் கழன்று வரும். நடுத் தண்டைப் பிடித்து ஷட்டிலை வெளியே எடுக்கலாம். ஷட்டில் ஓடும் பள்ளத்தில் அரை அங்குல நூல் ஒன்று மாட்டியிருந்தால்கூடப் போதும், மேல்நூல் அங்கே தடுக்கி நின்று மிஷின் இறுகும். பழைய நூல் துண்டுகள் எண்ணெயில் ஊறிப் பள்ளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷும் ஒரு குண்டூசியும் வேண்டும். துடைத்து முடித்து, பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு மிஷின் ஆயில் விட்டு மூடுங்கள்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. அவசரத்துக்கு என்று வீட்டில் தேங்காய் எண்ணெய் விட்ட மிஷின்கள் ஏராளம். அது காலப்போக்கில் கெட்டியாகிப் பிசின்போலப் படிந்து, டேக்-அப் லீவரும் ஊசித் தண்டும் சோம்பலாக நகரும்படி செய்துவிடும். சக்கரம் கனமாகச் சுழன்றால் எண்ணெய்த் துளைகளில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, நூலில்லாமல் ஓட்டி, கரைந்து வரும் கசடைத் துடைத்துவிட்டு, மறுநாள் மிஷின் ஆயில் விடலாம். நெருப்புக்கு அருகில் இந்த வேலை வேண்டாம். மிஷின் உடலில் உள்ள தங்க நிறப் பூவேலையில் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மங்கிவிடும், ஸ்பிரிட் பட்டால் இன்னும் மோசம்.

பல வருடம் கழித்துக் காலால் ஓட்டத் தொடங்குபவர்களிடம் இன்னொரு காரணத்தையும் பார்த்திருக்கிறேன்: சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது. கைச்சக்கரத்தின் மேல்பகுதி எப்போதும் உங்களை நோக்கி வர வேண்டும். மிதியை அழுத்தும் வேகத்தில் அது எதிர்த் திசையில் அரைச் சுற்றுச் சுற்றினாலே நூல் ஷட்டிலில் பின்னிக்கொண்டு அறுந்துவிடும். அழுத்தும் பாதத்தைத் தூக்கி, ஊசியில் நூலில்லாமல், கையால் சக்கரத்தைத் தொடக்கிவிட்டுக் காலால் தொடர்வதைச் சில நாள் பழகினால் கால் பழைய தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். தையலைத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் பாதத்துக்கு அடியில் பின்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் மூன்று நான்கு தையலைப் போடுங்கள்; முடிக்கும்போது டேக்-அப் லீவர் உச்சியில் இருக்கும்படி நிறுத்துங்கள். தொடக்கத்தில் மட்டும் கூடு கட்டும் மிஷின்களுக்கு இதுவே போதும்.

எல்லாம் முடிந்ததும் இறுக்கத்தைச் சமன் செய்யலாம். மேலே சிவப்பு, கீழே வெள்ளை நூல் போட்டு, ஒரு துண்டுத் துணியைக் குறுக்கிழையாக இரண்டாக மடித்துத் தையுங்கள். வெள்ளைப் புள்ளிகள் மேலே தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம். சிவப்பு கீழே வளையமாகத் தெரிந்தால் குறைவு. பிறகு துணியின் இரு முனைகளையும் பிடித்துத் தையல் அறும்வரை இழுங்கள். எந்த நூல் அறுந்ததோ அதுதான் அதிக இறுக்கத்தில் இருப்பது, இரண்டும் சேர்ந்து அறுந்தால் சமன். இதற்குப் பாபின் திருகைத் தொட வேண்டியதில்லை. மேலே உள்ள டென்ஷன் திருகை மட்டும், பாதத்தை இறக்கிய நிலையில், சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தையல் தாவினால் அப்போது டைமிங்கைச் சந்தேகிக்கலாம். ஊசித் தட்டைக் கழற்றி, கைச்சக்கரத்தைச் சுற்றி, ஊசி அடிமட்டத்தைத் தொட்டுச் சுமார் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஏறும் தருணத்தில் நிறுத்துங்கள். கொக்கி முனை அப்போது ஊசியின் பின்னால், காதுக்குச் சற்று மேலே வந்து சேர்ந்திருக்க வேண்டும். காதுக்கு நேராகவோ அதற்குக் கீழோ வந்தால் ஊசித் தண்டு மேலேறியிருக்கிறது. அதன் பிடிப்புத் திருகைத் தளர்த்தித் தண்டைச் சரியான உயரத்தில் நிறுத்துவது தெரிந்த மெக்கானிக்குக் கால்மணி நேர வேலை. அதற்குப் புதிய ஷட்டில் தேவையில்லை. பாகம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஒரு நல்ல பாபின் கேஸும் நான்கைந்து புதிய பாபின்களும் வாங்கிப் போட்டுப் பாருங்கள். கொக்கி முனை முறிந்தோ மழுங்கியோ இருந்தால் மட்டும் ஷட்டிலுக்குப் பணம் கொடுங்கள், கழற்றிய பழைய ஷட்டிலைக் கையில் வாங்கி அந்த முனையை நீங்களே பார்த்த பிறகு.